ஆடுகிற கையும் அடங்கிய கையும்

மண்டிக்காரர் அருஞ்சுனை, மிளகாய் வத்தலைக் கண்ணால் பார்த்து எடுத்தவர் இல்லை. மூக்கால் எடுத்தவர். திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி பக்கத்திலிருந்து வெள்ளாமை செய்த சம்சாரிகள் மூட்டையை இறக்கிவிட்டு ஓரமாக நிற்பார்கள். அவர் சாக்கின் வாயைப் பிரித்து முழங்கை வரை கையை உள்ளே விடுவார். அடியிலிருந்து ஒரு கை அள்ளி முகத்துக்கு நேராகக் கொண்டுவருவார். களத்தில் காயும்போது பனி விழுந்ததா, அள்ளும்போது ஈரம் இருந்ததா, அடியில் பூசணம் பிடித்திருக்கிறதா எல்லாம் அந்த ஒரு மூச்சில் அவருக்குத் தெரிந்துவிடும். முகம் சுளித்தால் சரக்கு திரும்பிப் போகும். சுளிக்காவிட்டால் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குள் போகும். அதற்கு மேல் அவர் அதிகம் பேசமாட்டார்.

பேசுவதற்குத்தான் தம்பி ஜெயக்குமார் இருந்தான். அருப்புக்கோட்டையில் அவர்கள் அப்பா ஆரம்பித்த கமிஷன் மண்டி அது. முன்னால் மேஜையில் தம்பி, பின்னால் கிட்டங்கியில் அண்ணன். தம்பிக்கு ஊரில் எல்லாரையும் தெரியும். வீரசோழனிலிருந்து வரும் வியாபாரியிடம் அவர் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி விசாரிப்பான். மூட்டை தூக்குகிறவர்களை முறை வைத்துக் கூப்பிடுவான். அண்ணன் கிட்டங்கியின் அரை இருட்டில் உட்கார்ந்து தம்பியின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார். வாழ்க்கையில் அவருக்கு அதைவிட நிம்மதியான சத்தம் வேறு இருந்ததில்லை.

ஜெயக்குமாருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும்போது ஒருநாள் காலையில் கடைப் பூட்டைத் திறக்க முடியவில்லை. சாவி துவாரத்தில் போகிறது, திருப்ப விரலில் பலம் இல்லை. “துருப்பிடிச்சிருச்சு போலண்ணே, எண்ணெய விடணும்” என்றான். அருஞ்சுனை வாங்கித் திருப்பினார். பூட்டு சுலபமாகத் திறந்தது. 

அதற்குப் பிறகு சட்டைப் பித்தான், பிறகு பேனா. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெத்தென்று இருக்கும் சதை குழிந்து, தோல் உள்வாங்கியது. சும்மா இருக்கும்போது புஜத்தில் தோலுக்கு அடியில் புழு நெளிவதைப் போலச் சதை துடித்தது. ஜெயக்குமார் அதைப் பார்த்துச் சிரிப்பான். “உள்ள யாரோ குடியிருக்காகண்ணே.”

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நரம்புச் சோதனை செய்தார்கள். அருஞ்சுனை கூடவே நின்றார். மெல்லிய ஊசி ஒன்றைக் கையின் சதைக்குள் இறக்கி, அதன் வயரை ஒரு பெட்டியில் மாட்டினார்கள். பெட்டியிலிருந்து சத்தம் வந்தது. தகரத்தின் மேல் கம்பு தானியத்தைக் கொட்டுவதைப் போல விடாமல் பொரிந்தது. கையில் வைத்தாலும் அந்தச் சத்தம், காலில் வைத்தாலும் அந்தச் சத்தம், கடைசியில் நாக்கில் வைத்தபோதும் அதே சத்தம்.

“சதை சும்மா இருக்கும்போது மிஷினும் சும்மா இருக்கணும். இங்க நரம்பு சாகுது. அதுதான் இப்படிக் கத்துது” என்று அந்த டாக்டர் வெளியே வந்து அருஞ்சுனையிடம் மட்டும் சொன்னார். மோட்டார் நியூரான் என்றார். மூளை இடும் கட்டளையைச் சதைவரை கொண்டுபோகும் நரம்பு செல்கள், அவை ஒன்றொன்றாகச் சாகின்றன, மருந்து இல்லை என்றார். இது லட்சத்தில் சில பேருக்கு மட்டும் வரும் என்றும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னாரோ என்னவோ.

வீட்டில் அதற்கு ‘மோட்டார் வியாதி’ என்று பெயர் வந்துவிட்டது. கை போனது, கால் போனது, பேச்சு குழறிப் பிறகு இல்லாமலே போனது. ஊரையே பேசிச் சிரிக்கவைத்தவன் கஞ்சித் தண்ணீர் தொண்டையில் இறங்காமல் புரையேறித் தவித்தான். கடைசி மாதங்களில் கண் மட்டும் மிச்சம் இருந்தது. கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் புரிந்தது. அவன் மனைவி பிருந்தா அந்தக் கண்ணைப் பார்த்தே தாகமா, வலியா, திரும்பிப் படுக்க வேண்டுமா என்று கண்டுபிடிப்பாள். ஒரு சாயங்காலம் அவள் பால் காய்ச்ச உள்ளே போயிருந்தபோது, அருஞ்சுனை பக்கத்தில் இருக்க, அந்தக் கண்ணும் நின்றது. அடுப்படிக்குப் போய்ப் பிருந்தாவிடம் சொன்னவர் அவர்தான்.

தம்பி போனபின் மேஜைக்கு ஆள் வைத்தார். கிட்டங்கியில் சிரிப்புச் சத்தம் இல்லாமல் வருஷங்கள் போயின.

மூக்கு எப்போது போனதென்று அவருக்கே தெரியாது. ஒருநாள் தான் பார்த்து எடுத்த சரக்கைக் காம்பு கிள்ளக் கொட்டியபோது, அங்கே வேலை செய்யும் தங்கமாரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணாச்சி, இதையா எடுத்தீக? நாறுதே!”

அருஞ்சுனை ஒரு கை அள்ளி முகர்ந்தார். நெடி ஏறித் தும்மல் வந்தது. ஆனால் வாசம் வரவில்லை. பூசண வாடை மட்டுமல்ல, எந்த வாடையும் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாம்பிராணி டப்பாவைத் திறந்து முகர்ந்தார். மல்லித்தழையைக் கசக்கி முகர்ந்தார். எல்லாம் வெறும் காற்றாக இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தச் சளி போகிற வழியைக் காணோம். அதன்பின் சாக்கை முகர்வதுபோல் பாவனை செய்துவிட்டு, தங்கமாரி முகத்தைப் பார்த்து முடிவெடுக்கப் பழகிக்கொண்டார்.

அதே சமயத்தில்தான் இன்னொன்றும் ஆரம்பித்தது. கிட்டங்கியில் தனியாக இருக்கும்போது வலது தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பதாகப் படும். திரும்பினால் மூட்டைகள்தான். மறுபடி குனிந்தால் மறுபடி நிற்பார்கள். மூச்சுச் சத்தம் கிடையாது, நிழல் விழாது. ஆனால் ஒரு ஆள் நின்றால் அந்த இடம் எப்படிக் கனத்திருக்குமோ அப்படி இருக்கும். அவர் பயந்த சுபாவக்காரர் இல்லை. ஆனாலும் விளக்கைக் கூடுதலாக ஒன்று மாட்டச் சொன்னார்.

அறுபது வயதை ஒட்டி வலது கை ஆடத் தொடங்கியது. வேலை செய்யும்போது ஆடாது. சும்மா மடியில் கிடக்கும்போதுதான் ஆடும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துத் தேய்த்து, மாத்திரை உருட்டுவதைப்போல் போய்வரும். அவர் அதைப் பார்த்த முதல் நாளே, உள்ளே இருந்த ஏதோ ஒன்று அடங்கிப்போய்விட்டது. தம்பிக்கும் வலது கையில்தான் தொடங்கியது. ‘வந்துருச்சு’ என்று மட்டும் நினைத்தார்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்ப்பார், துடிக்கிறதா என்று. புஜத்தைத் திருப்பிப் பார்ப்பார், தோலுக்கு அடியில் ஏதாவது நெளிகிறதா என்று. சாப்பிடும்போது புரையேறினால் இலையைத் தள்ளிவைத்துவிடுவார். மண்டியில் உட்கார்ந்தால் கையைத் துண்டுக்கு அடியில் மறைத்துக்கொள்வார். மனைவி சௌந்தரத்திடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பிருந்தாவுக்குப் போகும். பிருந்தாவுக்குத் தெரிந்தால் அவள் உடனே தன் மகனை நினைப்பாள். அவளுக்கு ஆனந்தகுமார் ஒரே பிள்ளை, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். ஒரே வயிற்றில் பிறந்த ரெண்டு பேருக்கும் அதே வியாதி என்றால் அது ரத்தத்தில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவர் மகள் தீபலட்சுமிக்கும் அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்காமல் இருப்பதே எல்லாருக்கும் நல்லதென்று அவருக்குப் பட்டது. ஒரு பயத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிவது எவ்வளவு களைப்பு என்பது அவருடைய நடையிலேயே தெரிந்தது. கால் தரையில் தேய்ந்தது, முதுகு குனிந்தது, முகத்தில் சிரிப்பும் வராமல் கோபமும் வராமல் ஒரு மரத்தனம் வந்து உட்கார்ந்தது.

“என்னங்க, தூக்கத்துல என்னா அப்படிக் கத்துறீக? நேத்து என்னைய ஒதச்சே போட்டீக” என்று சௌந்தரம் ஒரு காலையில் கேட்டாள்.

“கனவு” என்றார். யாரோ தம்பியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், இவர் சண்டை போடுகிறார். அந்தக் கனவுதான் திரும்பத் திரும்ப வந்தது.

ஜெயக்குமாரின் தெவசத்தன்று எல்லாம் வெளியே வந்தது. படத்துக்கு மாலை போட்டு, படையல் போட்டு, சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பிருந்தா இலைக்கு இலை பருப்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். அருஞ்சுனையின் இலைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். அவர் மடியில் கிடந்த துண்டு தானாக அசைந்துகொண்டிருந்தது.

அவள் பருப்புச் சட்டியைக் கீழே வைத்தாள். “அத்தான், துண்ட எடுங்க.”

“ஒண்ணுமில்லம்மா. நீ ஊத்து.”

“எடுங்கங்கிறேன்ல.”

கணவரின் அண்ணன் முன்னால் குரல் உயர்த்தாத பெண் அவள். சௌந்தரம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிருந்தா துண்டை விலக்கி, ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தன் பெருவிரலை வைத்து அழுத்தினாள். முகம் வெளுத்திருந்தது. மறுபடி அழுத்தினாள். மூன்று வருஷம் அந்த இடம் குழிந்துகொண்டே போனதைத் தினமும் எண்ணெய் தேய்த்துப் பார்த்தவள்.

“சதை இருக்கு” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. “அவுக கை ஆடல. அவுகளுக்குக் கை அடங்குச்சு. இது ஆடுது.” பிறகு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. “எனக்குத் தெரியல அத்தான். மதுரைக்குப் போவோம். எம் பிள்ளைக்காகவாவது வாங்க.”

சௌந்தரம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எத்தன நாளாங்க?” என்று மட்டும் கேட்டாள். அவர் சாதத்தைப் பிசைந்தார்.

மூன்று பேரும் மறுவாரம் மதுரை பஸ் ஏறினார்கள்.  ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலங்காடும் காய்ந்த கண்மாயும் மாறி மாறி வந்தன. பழைய ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அருஞ்சுனை சொல்லிவிட்டதால் வேறொரு இடத்துக்குப் போனார்கள். அங்கே நரம்பு டாக்டர் ஒரு பெண், தேவிபிரியா. நாற்பது வயதுக்குள் இருக்கும். சீட்டில் ஊர்ப்பெயரைப் பார்த்ததும், “எங்க வீடும் அருப்புக்கோட்டைதான். எங்க அப்பா இன்னும் தறிதான் ஓட்டுறாக” என்றார். அந்த ஒரு வார்த்தையில் சௌந்தரத்துக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். விரலைத் தட்டச் சொன்னார். தட்டத் தட்ட அது சிறுத்துக்கொண்டே போனது. முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு சும்மா கேட்பதைப்போல், “வாசம் தெரியுதா உங்களுக்கு?” என்றார்.

அருஞ்சுனை தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். அதை அவர் உலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

“தூக்கத்துல கத்துவீங்களா? பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி தோணுமா?”

“தோணும்” என்றார். குரல் மெதுவாக வந்தது. “பின்னாடி.”

சௌந்தரமும் பிருந்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இது பார்க்கின்சன்” என்றார் டாக்டர். “இதச் சொல்றதுக்கு ஊசிச் சோதனையெல்லாம் தேவையில்ல. பார்த்தாலே தெரியுது.”

அருஞ்சுனை அசையவில்லை. “எந்தம்பிக்கு மோட்டார் நியூரான் செத்துச்சு. கையிலதான் ஆரம்பிச்சது. எனக்கும் அது சாகுதா, சாகலையா? அதச் சொல்லுங்க. பேரு எதுவா வேணாலும் இருக்கட்டும்.”

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அப்புறம், “சரி, சோதனை பண்ணியே பார்த்துருவோம்” என்றார்.

படுக்கவைத்தார்கள். அதே மாதிரிப் பெட்டி, அதே மாதிரி வயர். பிருந்தாவை வெளியே இருக்கச் சொன்னார் அருஞ்சுனை. அவள் போகவில்லை. சுவரோரம் நின்றாள். ஊசி கட்டைவிரல் சதைக்குள் இறங்கியதும் பெட்டி இரைந்தது. தடதடதட என்று, தையல் மிஷினை யாரோ மிதிப்பதைப்போல்.

அருஞ்சுனை கண்ணை மூடிக்கொண்டார். தம்பி படுத்திருந்த கட்டில் வந்தது, நாக்கில் ஊசி இறங்கும்போது அவன் அண்ணனைப் பார்த்த பார்வை வந்தது. “முடிஞ்சது” என்று அவர் உதடு முணுமுணுத்தது. பிருந்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“ஏன், என்னாச்சு? பயப்படாதீங்க” என்றார் டாக்டர். “இது உங்க நடுக்கத்தோட சத்தம். தாளம் மாதிரி விட்டு விட்டு வருது பாருங்க. உங்க தம்பிக்கு வந்தது இப்படி இருந்திருக்காது.” கையைத் தன் கையால் தாங்கி, மணிக்கட்டைத் திருப்பி ஒரு தலையணைமேல் படியவைத்தார். “எதையும் நினைக்காம விடுங்க. உங்க கை எங்கிட்டதான் இருக்கு.”

நடுக்கம் குறைந்தது. தையல் மிஷின் மெல்ல மெல்ல ஓய்ந்தது. பிறகு நின்றது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பெட்டி வாயை மூடிக்கொண்டிருந்தது.

புஜத்தில் வைத்தார்கள். ஊசி இறங்கும்போது ஒரு சின்னப் பொரிதல், அப்புறம் ஒன்றுமில்லை. தொடையில் வைத்தார்கள். ஒன்றுமில்லை. நாக்கிலும் வைத்தார்கள். ஒன்றுமில்லை. அருஞ்சுனை அந்த ஒன்றுமில்லாததைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. முகம் மட்டும் மரம்போலவே இருந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார். “பார்க்கின்சன்ல சாகுறது மூளையோட அடிப்பகுதியில இருக்குற வேற செல்லு. டோபமைன்னு ஒண்ணு அதுல இருந்துதான் சுரக்கும். அது குறைஞ்சா கை ஆடும், ஒடம்பு இறுகும், நடை சுருங்கும். தண்டுவடத்துல இருந்து சதைக்குப் போகுதே மோட்டார் நியூரான், உங்க தம்பிக்குச் செத்தது, அது இதுல பெரும்பாலும் தப்பிச்சிரும். ஆராய்ச்சி பண்ணுனவங்கள்ல சில பேரு, இதுலயும் அதுக்கு லேசா அடிபடுதுன்னு சொல்றாங்க. இன்னும் முடிவான பேச்சு இல்ல. அப்படியே இருந்தாலும் கை சூம்புற அளவுக்கு இல்ல.”

பிருந்தா சுவரைவிட்டு முன்னால் வந்தாள். “ரெண்டும் ஒரே ஆளுக்கு வருமா டாக்டர்?”

 “வந்திருக்கு. ரொம்ப ரொம்ப அபூர்வம். இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா இவுக கையில அதுக்கு ஒரு அடையாளமும் இன்னைக்கு இல்ல. நீங்க ஒங்க மகன நினைச்சுக் கேக்குறீங்க. அந்த வியாதி முக்காவாசிப் பேருக்கு மேல வம்சமா வர்றதில்ல. அண்ணனுக்கும் அதே வந்திருந்தா நானே யோசிச்சிருப்பேன். வரல.”

பிருந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சௌந்தரம் அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். வியாதி என்று பெயர் வாங்கியவர் ஒருத்தர், அவரைச் சுற்றி இரண்டு பெண்கள் நிம்மதியில் அழுதுகொண்டிருந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் சௌந்தரம் எதையும் மறைக்கவில்லை. தீபலட்சுமியைக் கேட்டு வந்த பாலவனத்தம் வீட்டாரிடம், “எங்க வீட்டுக்காரருக்கு இந்த வியாதி இருக்கு. இதுக்குச் சம்மதம்னா மேல பேசுவோம்” என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னாள். அவர்கள் ஒரு வாரம் பதிலே சொல்லவில்லை. பிறகு வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

மாத்திரை வேலை செய்தது. விரல் தெளிந்தது, நடை கொஞ்சம் திரும்பியது. வாசம் மட்டும் வரவில்லை. ஆனால் அருஞ்சுனைக்குள் அந்த ‘ரொம்ப ரொம்ப அபூர்வம்’ போகாமல் கிடந்தது. லட்சத்தில் சில பேருக்கு என்று முன்னால் ஒரு டாக்டர் சொன்னதும் அபூர்வம்தானே? அபூர்வத்துக்கு இந்த வீட்டு வாசல் தெரியும். ஒருமுறை வந்து போயிருக்கிறது. டாக்டர் ‘இன்னைக்கு இல்ல’ என்றுதான் சொன்னார் என்பதை அவர் மறக்கவில்லை. கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டுவது நிற்கவில்லை.

நடுக்கம் மறுபடி கூடியதால் அடுத்த வருஷம் இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்கள். அதற்குச் சில வாரங்கள் கழித்து, உச்சி வெயில் நேரத்தில், அவர் கிட்டங்கிக்குள் நுழைந்தபோது ஜெயக்குமார் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தான்.

வெள்ளை பனியன், கட்டம்போட்ட கைலி. வியாதிக்கு முந்திய உடம்பு. தோள் நிறையச் சதை. வாசலுக்குப் பாதி முதுகு காட்டி, யாருக்கோ காத்திருப்பவனைப்போல் உட்கார்ந்திருந்தான்.

“ஏலே, ஜெயா” என்றார் அருஞ்சுனை. அவன் திரும்பவில்லை. கூரைத் தகரத்தில் ஒரு காக்கை நடந்தது. பார்வையைக் காக்கைச் சத்தத்துக்குத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தபோது மூட்டைகள் மட்டும் இருந்தன.

மறுநாளும் இருந்தான். அதற்கு மறுநாளும். சத்தமில்லை, சிரிப்பில்லை. கூப்பிட்டுப்போக வந்திருக்கிறான் என்று அருஞ்சுனை நினைத்தார். எங்கே என்று அவருக்குத் தெரியும். அந்தக் கட்டிலுக்கு. அந்தக் கண் மட்டும் மிச்சமிருக்கும் இடத்துக்கு. கிட்டங்கிக்குள் போவதை நிறுத்தினார். சரக்கு பார்க்கத் தங்கமாரியை அனுப்பினார்.

“மண்டிக்காரரு கிட்டங்கிக்குள்ள வரமாட்டேங்கிறாக, வாசல்லயே நின்னு பேசுறாக” என்று தங்கமாரி பிருந்தாவிடம் சொல்லிவிட்டாள். பிருந்தா ஒரு மத்தியானம் நேரே வந்தாள். அருஞ்சுனை கிட்டங்கி வாசலில் நாற்காலி போட்டு, உள்ளே பார்க்காமல் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“உள்ள யாரு அத்தான்?”

அவரால் பொய் சொல்ல முடியவில்லை. “ஜெயக்குமாரு.”

அவள் அழுவாள், அல்லது சாமியாடியைக் கூப்பிடுவாள் என்று நினைத்தார். அவள் கிட்டங்கியின் இருட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எப்படி இருக்காக?”

“நல்லா இருக்கான். பழைய ஒடம்பு.”

“கை? கை நல்லா இருக்கா?”

அருஞ்சுனை தலையைத் திருப்பி உள்ளே பார்த்தார். அவன் இருந்தான். “மடிக்குள்ள வச்சிருக்கான். அந்தப் பக்கமா இருக்கு. எனக்குத் தெரியலம்மா.”

“சரி” என்றாள் பிருந்தா. உள்ளே போய், அவர் காட்டிய மூட்டைகளுக்கு எதிரே ஒரு காலிச் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். நெடியில் இரண்டு தடவை இருமினாள். வெயில் தணிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

அதன்பின் தினமும் மத்தியானம் வந்தாள். “இருக்காகளா?” என்று கேட்பாள். இருக்கிறான் என்றால் போய் உட்காருவாள். ஆனந்தகுமாருக்கு வேலை உறுதியானது, ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அவன் சொல்வது, வீட்டு மேல்மாடி ஒழுகுவது எல்லாவற்றையும் மூட்டையைப் பார்த்துச் சொல்வாள். கணவன் உயிரோடிருந்த கடைசி வருஷத்தில் இவள் பேசுவாள், அவன் கண்ணால் கேட்பான். அதே மாதிரிதான் இருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அருஞ்சுனைக்கு முதுகு கூசியது. தன் தலைக்குள் இருக்கிற ஒன்றோடு அவள் குடித்தனம் நடத்துகிறாள் என்று பட்டது. அவளைத் தடுக்கவும் மனம் வரவில்லை. அவள் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அவருக்கும் பயம் கொஞ்சம் விலகியிருந்தது.

சௌந்தரத்துக்குத் தெரியவந்ததும் அவள் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. டாக்டர் தேவிபிரியா கேட்டுவிட்டு, “இந்த வியாதியும் செய்யும், நான் சேர்த்த மாத்திரையும் செய்யும். ஆவியுமில்ல, கிறுக்குமில்ல. அத நிறுத்திருவோம். நடுக்கம் கொஞ்சம் கூடும், தாங்கிக்கங்க” என்றார். எழுந்திருக்கும்போது அருஞ்சுனையின் கைச் சதையைத் தொட்டுப் பார்த்து, “அப்படியேதான் இருக்கு” என்றார்.

மாத்திரையை நிறுத்திய சில நாளில் கை பழையபடி ஆடியது. நடையும் கெட்டது. வாசற்படி வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். மனசு போ என்று சொல்லும், பாதம் கேட்காது. ஒருநாள் மத்தியானம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கிட்டங்கிக்குள் போனார். மூட்டைகள் இருந்தன. விளக்கு எரிந்தது. தோளுக்குப் பின்னாலும் யாரும் இல்லை. அவர் அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். பயம் போன இடத்தில் நிம்மதி வரவேண்டும், அது வரவில்லை.

பிருந்தா வந்தாள். அவர் உள்ளே இருப்பதைப் பார்த்ததும் அவள் நடை தயங்கியது.

“இருக்காகளா?”

இருக்கிறான் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். சொன்னால் அவள் உட்கார்ந்துகொள்வாள்.

“இல்லம்மா. மாத்திரைய நிறுத்துனதுல இருந்து வரல. இனி வரமாட்டான்.”

அவள் காலிச் சாக்கை எடுத்து உதறி, நாலாக மடித்தாள். மடித்ததைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“அவுக போயிட்டாகன்னு எங்கிட்ட ரெண்டாவது தடவையும் நீங்கதான் சொல்றீக, அத்தான்.”

 ஆடிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். தங்கமாரியும் மற்றப் பெண்களும் பின்கட்டில் காம்பு கிள்ளிக்கொண்டே யாரையோ கேலி பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“ஆனந்து கல்யாணத்துக்கு நாள் பாக்கணும்ல” என்றாள் பிருந்தா கொஞ்சம் கழித்து. “அவன் சொன்ன பிள்ள வீட்டுக்கு வெள்ளிக்கிழம போவோம். பெரியப்பா நீங்கதான் முன்னால நிக்கணும்.”

“கை இப்படி ஆடுதேம்மா. பொண்ணு வீட்டுல பாத்தா?”

“ஆடட்டும்.”

எழுந்து வாசலுக்கு வந்தார். படியில் கால் ஒட்டிக்கொண்டது. முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார், பாதம் நகரவில்லை. பிருந்தா கைத்தாங்கலாகப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்தால் விழுந்துவிடுவார், தாண்டுவதற்கு எதிரே ஒன்று இருந்தால் கால் எழும் என்று டாக்டர் சொன்னதைச் சௌந்தரம் அவளிடம் சொல்லியிருந்தாள். சாக்கு தைக்கும் சணல் கயிற்றில் ஒரு முழம் எடுத்து அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே போட்டாள்.

“இதத் தாண்டுங்க.”

அவர் கயிற்றைப் பார்த்தார். வலது காலைத் தூக்கிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வைத்தார். அடுத்த கால் தானாக வந்தது.